பெருக்கல் மேலே இருக்கணும்

என் கொழுந்தனுக்கு வீட்டில் வைத்த பெயர் ஓட்டைக்கை. வைத்தது நான் இல்லை, என் வீட்டுக்காரர். ஆனால் ஊர் முழுக்கப் பரப்பியது நான்தான் என்பதை மறைக்க விரும்பவில்லை. பெயிண்ட் கடை, அச்சகம், பேருந்து நடத்துநர் என்று முப்பத்தெட்டு வயதுக்குள் ஆறு வேலைகள் அவன் கையில் வந்து ஒழுகிப் போயிருந்தன. சோம்பேறி என்று சொல்ல முடியாது. சொன்னதை அப்படியே செய்வான், அதிலிருந்து ஒரு அங்குலம் நகர மாட்டான். சொல்ல ஆள் இல்லாத நேரத்தில் தானாக யோசித்து எதையாவது செய்து தொலைப்பான். இந்த இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் உண்டு. மற்றவர்கள் எல்லாரும் அங்கே நின்றுதான் வேலை பார்க்கிறோம்.

நான் வேலை பார்ப்பது தீவின் கிழக்குக் கரையில் இருக்கும் ஆமை முட்டைக் காப்பகத்தில். காப்பகம் என்றதும் பெரிய கட்டடத்தை நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் ஏமாந்து போவார்கள். இருபது மீட்டருக்குப் பத்து மீட்டர் மணல், சுற்றிலும் கம்பி வலை, தலைக்கு மேல் பச்சை நிழல்வலை. மணலில் வரிசையாகக் குழிகள். ஒவ்வொரு குழியின் மேலும் கவிழ்த்து வைத்த கம்பிக்கூடை, பக்கத்தில் எண் எழுதிய மரத்துண்டு. ஓரமாக ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் ஒரு மேஜை, ஒரு பதிவேடு, ஒரு பழைய பவுடர் டப்பா நிறையப் பென்சில். எட்டு வருடமாக அங்கே நான்தான் பொறுப்பாளர். எனக்கு மூக்கின் மேல் கோபம் வரும் என்று சொல்வார்கள். நண்டும் எறும்பும் நாயும் ஒன்றாக முட்டைக்கு அலையும் இடத்தில் வேறு எங்கே வரும் என்று எனக்குத் தெரியவில்லை.

ஆமைகள் அதிகம் ஏறுவது தீவின் பின்பக்கக் கரையில். அங்கே விட்டுவைத்தால் பாதியை அலை அரித்துவிடும், மீதியை நாய்கள் தோண்டிவிடும். அதனால் ஆமை முட்டையிட்டு மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பியதும், முட்டைகளை எடுத்து ஈரமணல் போட்ட வாளியில் அடுக்கிப் படகில் காப்பகத்துக்குக் கொண்டுவருவோம். முட்டை பிங்பாங் பந்து அளவு இருக்கும். ஓடு தோல் மாதிரி, அழுத்தினால் குழி விழும். எடுப்பதற்கு முன்பே ஒவ்வொரு முட்டையின் உச்சியிலும் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட வேண்டும். வாளியிலும் சரி, காப்பகத்துக் குழியிலும் சரி, அந்தக் குறி மேல்பக்கமாகவே இருக்க வேண்டும்.

இதற்குக் காரணம் உண்டு. எட்டு வருடத்துக்கு முன்னால், நான் வேலைக்குச் சேர்ந்த வாரம், ஆராய்ச்சி நிலையத்து மேடம் அதைக் கரும்பலகையில் படம் போட்டு எனக்கு விளக்கினார். நான் அதை எனக்குக் கீழே வந்தவர்களுக்கு மூன்று வார்த்தையாகச் சுருக்கிவிட்டேன். பெருக்கல் மேலே இருக்கணும். யாராவது ஏன் என்று கேட்டால், கேள்வி கேட்கிற நேரத்தில் நாலு கூடை துடைக்கலாம் என்பேன். அதற்கப்புறம் யாரும் கேட்டதில்லை.

இந்த சீசன் தொடங்கும்போது பின்கரைக்கு ஆள் தேவைப்பட்டது. தினக்கூலி வேலைதான். ஆனால் சீசன் நடுவில் மேடம் வந்து பார்த்துப் பிடித்திருந்தால் நிரந்தரமாக்குவார், அதற்கு ஓர் இடம் காலி இருந்தது. நான் என் கொழுந்தனுக்காகப் பேசினேன். பாசத்தால் பேசினேன் என்று சொன்னால் பொய். அவன் எங்கள் வீட்டின் பக்கத்து அறையில் ஒண்டிக்கொண்டிருந்தான். அவன் மனைவி இரண்டு வருடத்துக்கு முன்பே மகளைக் கூட்டிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். சண்டை போட்டுப் போகவில்லை. ஒரு நிலையான வேலை கிடைத்ததும் சொல்லுங்கள், அன்றைக்கே வருகிறேன் என்று அமைதியாகச் சொல்லிவிட்டுப் போனாள். சண்டை போட்டிருந்தால் சமாதானம் பேசியிருக்கலாம். இதில் பேசுவதற்கு என்ன இருக்கிறது?

வேலைக்குச் சேர்ந்த மறுவாரமே அவன் அந்த அறைக்கு வெள்ளை அடித்தான். மகளுக்கென்று ஒரு சின்னக் கட்டில் வாங்கிப் போட்டான். கட்டில் மெத்தையின் பிளாஸ்டிக் உறையைக் கழற்றவில்லை. அவள் வந்து கழற்றட்டும் என்றான். தேதியே குறிக்காத கல்யாணத்துக்குப் பந்தல் போடுகிறான் பார் என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஆனால் ஆள் ஒழுங்காக வேலை பார்த்தான். முதல் ஐந்து வாரத்தில் பின்கரையிலிருந்து பதினொரு குழிக்கான முட்டைகளைக் கொண்டுவந்தான். ஒரு முட்டை உடையவில்லை. ஒவ்வொரு வாளியையும் மடியில் வைத்துக்கொண்டு, படகில் மற்றவர்கள் தும்மினால்கூட முறைப்பானாம். படகோட்டி சொன்னார். நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தும் குறை கண்டுபிடிக்க முடியவில்லை. அது எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது.

ஆறாவது வாரத்தில் எனக்குக் கடைவாய்ப் பல் வலித்தது. இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன், கடித்ததால் இன்னும் வலித்தது. மூன்றாம் நாள் முதல் படகில் பெருநிலத்துக்குப் போனேன். பல் டாக்டர் கடைவாயைப் பிடுங்கினார். பக்கத்துப் பல்லும் ஆடுகிறது, அதையும் ஒருநாள் எடுக்க வேண்டியிருக்கும் என்றார். ஒரு கன்னம் முழுக்கப் பஞ்சு. நான்கு மணி நேரம் வாயைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு. எட்டு வருடத்தில் நான் வாயை மூடியிருந்த ஒரே நாள் அதுதான்.

சாயங்காலம் காப்பகத்துக்குத் திரும்பியபோது கொழுந்தன் வாசலிலேயே நின்றிருந்தான். இருபத்தேழாம் குழி புதிதாக மூடப்பட்டிருந்தது. அவன் நகக்கண் எல்லாம் மணல். அண்ணி, ஒரு விஷயம் என்று ஆரம்பித்தான். நான் வீங்கின கன்னத்தைக் காட்டி, கையை வீசி, நாளைக்கு என்று சைகை செய்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டேன். மறுநாள் அவன் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஐம்பது நாளிலிருந்து குழிகள் பொரிய ஆரம்பிக்கும். அதிகாலையில் போனால் கூடைக்குள் கறுப்புக் குஞ்சுகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக்கொண்டு கிடக்கும். எண்ணி, எடுத்துக்கொண்டு போய் ஈரமணலில் விடுவோம். அதற்கு முன்னும் பின்னும் வைத்த குழிகள் பொரிந்தன. இருபத்தேழு மட்டும் பொரியவில்லை. ஐம்பத்தைந்து நாள் ஆயிற்று, அறுபது ஆயிற்று. கொழுந்தன் தினமும் வந்ததும் முதலில் அந்தக் கூடையைத்தான் பார்ப்பான். அவன் எடுத்து வந்ததிலேயே பெரிய குழி அது, நூற்று முப்பத்தொரு முட்டை. அறுபத்தைந்தாம் நாள் குழியைத் திறந்து பார்த்துக் காரணம் எழுத வேண்டும் என்பது விதி. அன்றைக்குத்தான் மேடமும் வருவதாக இருந்தது. அவர் பையில் நிரந்தர வேலைக்கான கடிதம் இருந்தது. கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

மேடம் காலைப் படகில் வந்தார். நிதானமான ஆள். இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை, அது ஒரு குறை மாதிரியே எனக்குப் படும். குழிகளின் பதிவேட்டைப் பார்த்தார். கொழுந்தனின் முதல் பதினொரு குழிகளிலும் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் பொரிந்திருந்ததைப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு நாங்கள் மூன்று பேரும் இருபத்தேழைச் சுற்றி முழங்காலிட்டு மணலைக் கையால் வாரினோம்.

முதல் அடுக்கு தெரிந்ததும் மேடம் கையை நிறுத்திவிட்டார். நானும் நிறுத்திவிட்டேன். ஒவ்வொரு முட்டையின் பெருக்கல் குறியும் நேராக வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அடுத்த அடுக்கும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே. அடிக்குழி வரை நூற்று முப்பத்தொரு பெருக்கலும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையில் நிற்கிற மாதிரி நின்றன.

மேடம் நான்கைந்து முட்டைகளைக் கத்தரியால் திறந்து பார்த்தார். உள்ளே மஞ்சள் கெட்டுப்போயிருந்தது. கருவின் அடையாளமே இல்லை. கரு கட்டாத முட்டைகள், தாய் சரியில்லை, யாரும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார். பிறகு எழுந்து நின்று குழியைப் படம் எடுத்தார். மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் இரண்டு.

"இருபது வருஷமா குழி தோண்டறேன். இப்படி ஒண்ண நான் பாத்ததில்ல" என்றார் கொழுந்தனிடம். "பொரியாட்டி என்ன? கை எவ்வளவு சுத்தம் பாருங்க. எங்க நிலையம் பாத்துக்கற ஏழு கரையிலயும் புதுசா வர்றவங்களுக்கு இனிமே இந்தப் படத்தத்தான் காட்டப் போறேன்."

பாராட்டு வாங்கிய மனிதன் சிரிப்பான், கூச்சப்படுவான், குறைந்தபட்சம் தலையைச் சொறிவான். என் கொழுந்தன் முகத்தில் ஈயாடவில்லை. குழியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

மேடம் மதியச் சாப்பாட்டுக்கு விடுதிக்குப் போனார். நான்கு மணிப் படகில் திரும்புவார், அதற்கு முன் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுத் தருவதாகச் சொன்னார். நான் கொட்டகையில் உட்கார்ந்து பதிவேட்டைப் புரட்டினேன். எனக்கு இரண்டு விஷயம் உறுத்தியது. முதலாவது அந்த ஆமை. அதை எங்களுக்குத் தெரியும். வலது பின்துடுப்பின் நுனி பிய்ந்திருக்கும், கிழிசல் என்று கூப்பிடுவோம். இருபத்தேழு கிழிசலின் குழி என்று கொழுந்தன் கையெழுத்திலேயே இருந்தது. அதே கிழிசல் இருபத்தேழுக்குப் பதினைந்து நாள் முன்னால் போட்ட பதினாறாம் குழியில் நூற்று இருபத்தொன்றுக்கு நூற்று ஒன்பது பொரிந்திருந்தது. தாய் சரியில்லை என்பது எப்படிச் சரியாகும்?

இரண்டாவது, அந்த ஒழுங்கு. நானே பார்த்துப் பார்த்து அடுக்கும் குழியில்கூடப் பத்துக்கு மூன்று பெருக்கல் சாய்ந்துதான் இருக்கும். மேலே மணல் போடும்போது முட்டைகள் நகரும், யார் தடுக்க முடியும்? நூற்று முப்பத்தொன்றும் நேராக நிற்க வேண்டுமென்றால் ஒருத்தர் ஒவ்வொரு முட்டையையும் பிடித்துத் திருப்பி, சுற்றிலும் மணலை விரலால் திணித்து நிறுத்தியிருக்க வேண்டும். வாளியோடு வந்து இறக்குகிறவன் அப்படிச் செய்ய மாட்டான். நேரமும் இருக்காது, தேவையும் இருக்காது.

கூடை துடைத்துக்கொண்டிருந்தவனைக் கூப்பிட்டேன். உட்காரச் சொன்னேன். இருபத்தேழில் என்ன நடந்தது என்று கேட்டேன். நான் சத்தம் போடவில்லை. அதுதான் அவனைப் பயமுறுத்தியிருக்க வேண்டும்.

கேட்பதற்காகவே காத்திருந்த மாதிரி எல்லாவற்றையும் சொன்னான். கிழிசல் முட்டை போட்டது விடிகாலை நான்கு மணிக்கு. பெருக்கல் போட்டு எடுத்து ஐந்துக்குப் படகேறினான். வழியில், ஆறு மணிக்கு முன்னால், படகு பாறையில் உரசி ஒரு குலுக்கு குலுக்கியது. மடியிலிருந்த வாளி கவிழ்ந்தது. முட்டைகள் மணலோடு படகின் அடியில் உருண்டன. ஒன்றும் உடையவில்லை. பொறுக்கிப் போட்டான். பெருக்கல் எல்லாம் எல்லாப் பக்கமும் போயிருந்தன. காப்பகத்துக்கு வந்ததும், வெயில் ஏறுகிறதே என்று ஏழு மணிக்கு அப்படியே குழியில் இறக்கி மூடிவிட்டான்.

மூடின பிறகுதான் அவனுக்கு, பெருக்கல் மேலே இருக்கணும் என்று நான் தினமும் கத்தியது காதில் கேட்டிருக்கிறது. மதியம் பன்னிரண்டுக்கு எனக்குப் போன் செய்தான். அரை மணி கழித்து மறுபடி செய்தான்.

அந்த இரண்டு அழைப்பும் எனக்கு நினைவிருந்தன. பல் டாக்டரின் வெளி அறையில், கன்னத்தில் பஞ்சோடு, திரையில் அவன் பெயரைப் பார்த்தேன். ஓட்டைக்கை என்றுதான் பதிந்து வைத்திருக்கிறேன். பேசவும் முடியாது, இவனிடம் என்ன பெரிய விஷயம் இருக்கப்போகிறது என்று போனைப் பையில் போட்டேன்.

"நீங்க எடுக்கல. அப்புறம் நானே யோசிச்சேன்" என்றான். "ரெண்டு மணிக்குக் குழியத் தோண்டினேன். ஒவ்வொண்ணா எடுத்து, பெருக்கல மேல வெச்சு, சாயாம மணல அண்டக் கொடுத்து மறுபடி மூடினேன். மூணு மணி நேரம் ஆச்சு அண்ணி. ஒண்ணையும் விடல."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் வந்த கோபத்துக்குப் போய் உட்கார இடம் கிடைக்கவில்லை. டப்பாவிலிருந்து ஒரு பென்சிலை எடுத்து பிளேடால் சீவினேன். இன்னொன்றையும் சீவினேன். மூன்றாவது பென்சிலில் முனை உடைந்தது. அப்போதுதான் எட்டு வருடமாக நான் யாருக்கும் சொல்லாத காரணத்தை அவனுக்குச் சொன்னேன்.

முட்டைக்குள் இருக்கும் கரு முதல் சில மணி நேரம் மிதந்துகொண்டிருக்கும். அப்போது முட்டை உருண்டாலும் புரண்டாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. அதன் பிறகு அது மெல்ல மேலே போய் ஓட்டின் உள்பக்கம் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய பிறகு திருப்பினால் பிய்ந்து செத்துவிடும். ஒரு புள்ளி அளவுகூட வளராத கரு, செத்தால் தடயமே இருக்காது. கரு கட்டாத முட்டை மாதிரிதான் தெரியும். சில நாள் காற்றும் நீரோட்டமும் எதிராக இருந்து படகு மதியம்தான் வந்து சேரும், அந்த நாட்களுக்காகத்தான் பெருக்கல்.

அவன் விரல் விட்டு எண்ணினான். நான்கு மணிக்குப் போட்டது. ஆறுக்குள் வாளி கவிழ்ந்தது. இரண்டு மணி நேரம்.

"அப்ப படகுல கொட்டினது..."

"ஒண்ணும் ஆகியிருக்காது."

"அப்படியே விட்டிருந்தா?"

பதிவேட்டில் பதினாறாம் குழிக்கு எதிரே இருந்த நூற்று ஒன்பதைக் காட்டினேன். பத்து மணி நேரம் கழித்து, பொறுமையாக, ஒவ்வொன்றாக, ஒன்றையும் விடாமல் திருப்பியிருக்கிறான். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வேலையைக் கடைசி வரை முடித்திருக்கிறான்.

அவன் அழவில்லை. முழங்காலில் ஒட்டியிருந்த மணலைத் தட்டினான், தட்டின இடத்தையே மறுபடி தட்டினான். வாளி கவிழ்ந்ததை மறுநாளாவது ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் நீங்கள் என்ன பெயர் சொல்லிச் சிரிப்பீர்கள் என்று தெரியும் என்றான். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற குரல். எனக்கு முகம் சுட்டது.

அடுத்த அரை மணி நேரம் நான் வாயை மூடிக்கொள்வதாகவே இருந்தேன். இதை ஒளிக்க மாட்டேன். மேடத்துக்குச் சந்தேகம் இல்லை. கடிதம் பையில் இருக்கிறது. முட்டைகள் போனது போனதுதான், சொன்னால் திரும்பப் போவதில்லை. சொல்லாவிட்டால் அடுத்த வாரம் ஒரு சின்னப் பெண் பிளாஸ்டிக் உறையைக் கிழித்துவிட்டுக் கட்டிலில் படுப்பாள். என் வாய்க்குப் பூட்டுப் போட இதைவிட நல்ல காரணம் கிடைக்காது.

ஆனால் அந்தப் படம் இருந்தது. ஏழு கரை. ஒவ்வொரு கரையிலும் என்னைப்போல் ஒருத்தி சுருக்கமாகக் கத்துவாள், இவனைப்போல் ஒருத்தன் அதை அப்படியே கேட்பான். படகில் வாளி கவிழாத கரை எங்கே இருக்கிறது? கவிழ்ந்தவன் எல்லாம் அந்தப் படத்தை நினைத்துக்கொண்டு, சாவகாசமாக மதியத்தில் உட்கார்ந்து, பெருக்கலை மேலே திருப்புவான். எத்தனை குழி? எனக்குக் கணக்குப் போடப் பிடிக்கவில்லை.

சொல்ல வேண்டும் என்றேன்.

"சொன்னா வேல போயிடும் அண்ணி."

"போயிடும்."

வெளியே நிழல்வலை காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. அவன் எழுந்து சட்டையை உள்ளே செருகிக்கொண்டான்.

"நீங்க சொல்ல வேணாம். நானே சொல்றேன்" என்றான். "நீங்க சொன்னா நான் மாட்டிக்கிட்ட மாதிரி இருக்கும்."

படகுத்துறையில் மேடம் பெஞ்சில் உட்கார்ந்து கடிதத்தை மடியில் வைத்துப் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தார். கொழுந்தன் எதிரில் நின்று, என்னிடம் சொன்ன அதே வரிசையில், நேரத்தோடு எல்லாவற்றையும் சொன்னான். முடிந்ததும் மேடம் என்னைப் பார்த்து, உங்களுக்கு எப்போது தெரியும் என்று கேட்டார். மதியம்தான் தெரியும் என்றேன். மதியத்துக்கும் நான்கு மணிக்கும் நடுவில் நான் என்ன யோசித்தேன் என்பதையும் சொன்னேன். அவர் கேட்கவில்லை. எனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மேடம் போனை எடுத்துப் படங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தன் தவறும் இதில் இருக்கிறது, பதினாறாம் குழியின் தாய் யார் என்று தானும் பார்த்திருக்க வேண்டும் என்றார். படத்தை அழிக்கப் போவதில்லை, காட்டத்தான் போகிறேன், ஆனால் வேறு கதையோடு காட்டுவேன் என்றார். பிறகு கடிதத்தைக் கையெழுத்துப் போடாமல் உறைக்குள் வைத்து உறையைப் பைக்குள் வைத்தார். இந்த சீசன் முடியட்டும் என்றார். முடிந்த பிறகு என்ன என்று சொல்லவில்லை. கொழுந்தன் அவர் பையைத் தூக்கிக்கொண்டு போய்ப் படகில் வைத்துவிட்டு வந்தான்.

பதிவேட்டில் இருபத்தேழுக்கு நேராகக் காரணம் என்ற கட்டம் காலியாக இருந்தது. மறுநாள் காலையில் எழுதினேன். காலை ஆறுக்கு முன் வாளி கவிழ்ந்தது, பாதிப்பில்லை. பிற்பகல் இரண்டு மணிக்குமேல் முட்டைகள் திருப்பப்பட்டன. திருப்பக் கூடாது என்பது பணியாளருக்குச் சொல்லப்படவில்லை. கேட்பதற்காக இருமுறை அழைத்தார், பொறுப்பாளர் எடுக்கவில்லை. கட்டத்தில் இடம் போதாமல் கடைசி வரி ஓரத்தில் செங்குத்தாக ஏறியது. பிறகு போனை எடுத்து, ஓட்டைக்கை என்று இருந்ததை அழித்துவிட்டு, தம்பி என்று பதிந்தேன். பெரிய தியாகம் ஒன்றும் இல்லை. பத்து வினாடி வேலை, பதினைந்து வருடம் தாமதம்.

அன்றைக்கும் அவன் வழக்கமான நேரத்துக்கு வேலைக்கு வந்தான். மனைவியிடம் போனில் சொல்லிவிட்டதாகச் சொன்னான். அவள் என்ன சொன்னாள் என்று கேட்டேன். அந்த முட்டைகளைப் பற்றிக் கேட்டாள், எப்படி ஒட்டும், எப்படிப் பிய்யும் என்று விவரமாகக் கேட்டாள் என்றான். வருவதைப் பற்றிப் பேச்சில்லை. கட்டில் உறையோடு அப்படியே கிடந்தது. கொட்டகைச் சுவரில் பெருக்கலுக்கான காரணத்தைப் படம் போட்டு ஒட்டினோம். படம் அவன் வரைந்தது, கரு பார்ப்பதற்குப் பொத்தான் மாதிரி இருந்தது.

சீசன் முடியும் சமயத்தில் என் இரண்டாவது பல் வேலையைக் காட்டியது. மறுபடி முதல் படகு, மறுபடி அதே நாற்காலி. டாக்டர் மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, சாய்த்து, வாயைத் திறக்கச் சொல்லி, இடுக்கியை உள்ளே விட்டார். அப்போது என் மடியில் போன் அடித்தது. திரையில் தம்பி என்று வந்தது.

நான் கையை உயர்த்தினேன். டாக்டர் புரியாமல் இன்னும் அகலமாகத் திறங்கள் என்றார். அவர் மணிக்கட்டைப் பிடித்து இடுக்கியை வெளியே எடுத்துவிட்டுப் போனைக் காதில் வைத்தேன். உதடு இருக்கிற இடமே தெரியவில்லை. என்னால் ம் என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது.

"அண்ணி, காலைல வாளி கவுந்துருச்சு" என்றான். "நாலரைக்குப் போட்ட முட்ட. அஞ்சே முக்காலுக்குக் கவுந்துச்சு. வந்ததும் அப்படியே குழியில இறக்கிட்டேன். பெருக்கல் எல்லாம் கன்னாபின்னான்னு கெடக்கு. நான் தொடல. தொடப் போறதும் இல்ல."

"ம்" என்றேன்.

"ஒண்ணும் கேக்கறதுக்கு இல்ல. சொல்லத்தான் கூப்ட்டேன்."

"ம்" என்றேன் மறுபடி.

போனை மடியில் வைத்துவிட்டு வாயைத் திறந்தேன். டாக்டர் இடுக்கியைக் கொண்டுவந்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டார். இன்னும் மரக்கவில்லையா, ரொம்ப வலிக்கிறதா என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன்.